400 அடியில் இன்ஜின் நின்றால் ரன்வேயைத் தேடாதீர்கள்

சோலோ, அதாவது தனியாகப் பறக்க, அனுப்புவதற்கு முன்னால் என் மாணவர்கள் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி இது. "டேக்-ஆஃப் ஆகி 400 அடி ஏறியாச்சு. இன்ஜின் நின்னுபோச்சு. என்ன பண்ணுவே?" போன வாரமும் அதே பதில்தான் வந்தது. "திரும்பி வந்து ரன்வேயில இறக்கிடுவேன் சார்." தியரியில் நல்ல மார்க் எடுத்த பையன். அவனுக்கு முன் வந்த பெண்ணும் இதையேதான் சொன்னாள். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் மறுபடி மறுபடி இதே பதில் வருகிறது. உலகம் முழுக்க சின்ன விமானங்களில் அனுபவசாலிகளையும் சேர்த்தே கொன்றிருக்கிற பதில் இது. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது. செஸ்னா 172 மாதிரியான பயிற்சி விமானம் ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் மிதந்து போகும். 5000 அடியில் இருந்தால் யோசிக்க, இடம் பார்க்க, இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்ய நேரம் உண்டு. அங்கே செக்லிஸ்ட் இருக்கிறது, அதன்படி செய்தால் போதும். என் கவலை எல்லாம் 400 அடியைப் பற்றித்தான்.

ரன்வே இப்போதுதானே பின்னால் போனது, அரை வட்டம் அடித்தால் வந்துவிடுமே என்று தோன்றும். அரை வட்டம் போதாது. 68 நாட் (மணிக்குச் சுமார் 126 கிலோமீட்டர்) வேகத்தில் 30 டிகிரி சாய்த்துத் திருப்பினால் திரும்பும் வட்டத்தின் விட்டமே 400 மீட்டரைத் தாண்டும். அதாவது 180 டிகிரி திரும்பி முடித்ததும் நீங்கள் ரன்வேக்கு நேராக இருக்க மாட்டீர்கள், 400 மீட்டர் பக்கவாட்டில் இருப்பீர்கள். ரன்வேயைப் பிடிக்க இன்னும் திரும்ப வேண்டும், பிறகு எதிர்ப்பக்கம் ஒருமுறை. அந்தத் திருப்பம் முழுக்க உயரம் கரைந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, இன்ஜின் நின்றதை மனசு ஒத்துக்கொள்ளவே மூன்று நான்கு விநாடி போய்விடும். மூக்கு மேலே பார்த்தபடி ஏறிக்கொண்டிருந்த விமானம் அந்த விநாடிகளில் வேகத்தை இழக்கிறது. இன்னும் ஒன்று, எதிர்க்காற்றில் டேக்-ஆஃப் செய்தீர்கள் இல்லையா? திரும்பியதும் அதே காற்று முதுகில் தள்ளும். தரை வேகமாக நகர்வது போலத் தெரியும், வேகம் அதிகம் என்று நினைத்துக் கை தானாக மூக்கைத் தூக்கும்.

சரி, வட்டத்தைச் சுருக்க அதிகமாகச் சாய்க்கலாமே என்பார்கள். 172எஸ் மேனுவலை எடுத்துப் பாருங்கள். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) இறக்காமல், இறக்கைகள் சமமாக இருக்கும்போது ஸ்டால் வேகம், அதாவது இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது என்கிற வேகம், 48 நாட். 45 டிகிரி சாய்த்தால் 57. 60 டிகிரியில் 68. இன்ஜின் இல்லாமல் மிதக்க அந்த விமானத்துக்குச் சொல்லியிருக்கும் வேகமும் 68 நாட்தான். பயத்தில் 60 டிகிரி சாய்த்து, யோக்கையும் (விமானத்தின் ஸ்டியரிங்) இழுத்து, ரன்வே சீக்கிரம் வரட்டும் என்று ரடரையும் (வாலில் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் தகடு) மிதித்தால் ஒரு இறக்கை முதலில் கைவிடும். விமானம் சுழலும். 300 அடியில் அதிலிருந்து மீள வழியே இல்லை.

"யூடியூபில் ஒருத்தர் 500 அடியிலிருந்து திரும்பிக் காட்டினார் சார்" என்று உடனே ஒரு குரல் வரும். அவருக்கு இன்ஜின் எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே தெரியும் கண்ணா. அதிர்ச்சி கிடையாது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் திரும்ப முடியும்தான், நான் மறுக்கவில்லை. அந்த உயரம் எது என்று கண்டுபிடிக்க, இன்ஸ்ட்ரக்டரோடு 3000 அடிக்கு மேலே போய், நான்கு விநாடி சும்மா இருந்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, எவ்வளவு இழந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அதன் மேல் தாராளமாக ஒரு பங்கு கூட்டுங்கள். அந்த எண்ணுக்குக் கீழே நேராகத்தான்.

நேராக என்றால் என்ன? முதலில் மூக்கைக் கீழே தள்ளுங்கள். ரொம்பக் கீழே தள்ளுவதாகத் தோன்றும், அதுதான் சரி. கண்ணாடிக்கு முன்னால் இடமும் வலமும் ஒரு 30 டிகிரிக்குள் இருப்பதில் நல்லதைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊரில் அறுவடை முடிந்த காய்ந்த வயல் கிடைத்தால் அதிர்ஷ்டம், உழவுசால் ஓடும் திசையிலேயே இறக்குங்கள். தண்ணீர் நிற்கும் நாற்று வயலில் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். ரோடு ஆசை காட்டும், ஆனால் அங்கே மனிதர்களும் மின்கம்பியும் உண்டு. மேலிருந்து கம்பி தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள். நேரம் இருந்தால் எரிபொருளை அடைத்து, மேக்னெட்டோவையும் (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) அணைத்துவிடுங்கள், கதவைத் திறந்து விடுங்கள். நெளிந்த சட்டத்தில் கதவு மாட்டிக்கொள்ளும். மாஸ்டர் சுவிட்சைக் கடைசியில் அணையுங்கள். 172-ல் ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுகிறது, முதலிலேயே அணைத்துவிட்டு ஃபிளாப் இறங்கவில்லையே என்று விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரேடியோவில் மேடே என்று ஆபத்து அழைப்புச் சொல்வது இதற்கெல்லாம் பிறகுதான். கன்ட்ரோலரால் உங்கள் விமானத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது.

விமானம் நொறுங்கினால் நொறுங்கட்டும். பல லட்சம் செலவழித்துப் படிக்கிற பிள்ளைகள் கிளப் விமானத்தைக் காப்பாற்றப் பார்ப்பது எனக்குப் புரிகிறது. தயவுசெய்து வேண்டாம். இன்ஜின் நின்ற நொடியே அது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சொத்து. மணிக்கு 80 கிலோமீட்டரில் தரையைத் தொட்டு, மூன்று மீட்டருக்குள் சீராக நின்றால்கூட உடம்புக்கு வருவது 9 ஜி, அதாவது உடல் எடையைப் போல ஒன்பது மடங்கு விசை, அளவுதான். தோள்பட்டை பெல்ட் போட்ட மனிதர் பொதுவாக அதைத் தாங்குவார். வேகம் இரட்டிப்பானால் அதே 9 ஜிக்குள் நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். அதனால்தான் இறக்கைகள் சமமாக, குறைந்த வேகத்தில், கட்டுப்பாட்டோடு தொடச் சொல்கிறோம்.

நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச்சில் சான்டா மோனிக்காவில் ஒரு பழைய ரயன் பயிற்சி விமானத்தில் கிளம்பியதும் இன்ஜின் போய்விட்டது. இன்ஜினுக்கு எரிபொருளைக் கலந்து அனுப்பும் கார்புரேட்டரில் ஒரு ஜெட் (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் சின்னத் துளைப் பாகம்) கழன்றிருந்தது பின்னால் விசாரணையில் தெரிந்தது. அவரும் முதலில் ரன்வேக்குத் திரும்பத்தான் பார்த்தார். எட்டாது என்று தெரிந்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டு, பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். மரத்தின் உச்சியில் உரசி விழுந்து பலத்த காயம். தோள்பட்டை பெல்ட் சரியாகப் பொருத்தப்படாததும் காயத்தை அதிகமாக்கியது. அப்போது அவருக்கு வயது 72, பிழைத்துக்கொண்டார்.

அப்புறம், கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைக்குச் சோம்பல் படாதீர்கள். 172எஸ்ஸில் 13 இடத்தில் எரிபொருளை வடித்துப் பார்க்க வேண்டும். "காலையில இன்னொருத்தர் பார்த்துட்டார்" என்பது எனக்குப் பதிலே இல்லை. மழை பெய்த மறுநாள் வடித்துப் பிடித்த கிளாஸ் குழாயை வெளிச்சத்தில் பிடியுங்கள். மேலே நீல நிறப் பெட்ரோல், அடியில் நிறமில்லாமல் உருளும் தண்ணீர். முழுக்க நிறமே இல்லாமல் இருந்தால் இன்னும் கவனம், முழுக்கத் தண்ணீராகவே இருக்கலாம். டேங்க்கில் குச்சி விட்டு அளவு பாருங்கள், மீட்டரை நம்பாதீர்கள்.

கடைசியாக, ரன்வேயில் நின்று த்ராட்டிலைத் தள்ளுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருந்தாலும். "ரன்வே மிச்சம் இருக்கும்போது நின்றால் பிரேக். என் எண்ணுக்குக் கீழே நின்றால் மூக்கைத் தள்ளி நேராக. இன்றைக்கு வலப்பக்கம் காய்ந்த வயல், இடப்பக்கம் தென்னந்தோப்பு, அதனால் வலப்பக்கம்." இதைச் சொல்லாத மாணவரோடு நான் ரன்வேயை விட்டுக் கிளம்புவதில்லை. நாளைக் காலை முதல் ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் இந்த வரியைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்.