மீன் நாற்றங்கால்: ஒரு சொல் விளக்கம்

மீன் நாற்றங்கால் (பெயர்ச்சொல்): மீன், இறால், நண்டு முதலிய கடல் உயிர்களின் குஞ்சுகள் இளம் பருவத்தைக் கழித்து, ஓரளவு வளர்ந்ததும் வேறு கடலுக்குப் பெயர்ந்து போகும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பும் அதன் தரையும். சாதாளை (கடற்புல்) தரை, கண்டல் மரங்களின் வேர்ப்பகுதி, களப்பின் (கடனீரேரியின்) சேறு எல்லாம் இதில் அடங்கும்.

யாழ்ப்பாணத்தில் 'நேசரி' என்றால் சின்னப் பிள்ளைகள் போகும் முன்பள்ளிதான் முதலில் நினைவுக்கு வரும். அடுத்து, மாங்கன்றும் ரோசாக்கன்றும் விற்கிற இடம். இதே சொல்லுக்கு மூன்றாவது பொருளும் உண்டு. கடற்றொழில் பற்றிய கூட்டங்களில், 'இது மீன்களின்ரை நேசரி, இதுக்குள்ள தொழில் செய்யக்கூடாது' என்று யாராவது சொல்வார்கள். கேட்பவர்களுக்குப் பாதிதான் விளங்கும். அதையே தமிழில் எழுத வந்தால் ஒருவர் 'வளர்ப்பிடம்' என்பார், இன்னொருவர் 'இனப்பெருக்க இடம்' என்பார், வேறொருவர் 'குஞ்சு பொரிக்கும் இடம்' என்பார். மூன்றும் ஒன்றல்ல. முட்டையிடும் கடல் ஒரு பக்கம் இருக்க, குஞ்சு வளரும் கடல் எத்தனையோ மைல் தள்ளி இருக்கலாம். சொல் பிசகினால் காக்க வேண்டிய இடமும் பிசகிப்போகும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. பாலூட்டு, ஊட்டி வளர் என்ற பொருளுள்ள 'நுட்ரீரே' என்ற வினையிலிருந்து பாலூட்டும் தாதியைக் குறிக்கும் பெயர் பிறந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் தாதி குழந்தையை வைத்து வளர்க்கும் அறை, பிறகு 16ஆம் நூற்றாண்டளவில் செடிக்கன்று வளர்க்கும் பாத்தி என்று பொருள் விரிந்தது. கடலியலாளர்கள் அதைக் கடலுக்குக் கொண்டுபோனது அதற்கும் வெகுகாலம் பிந்தி.

தமிழில் இந்தப் பொருளுக்குப் புதிதாகச் சொல் படைக்க வேண்டியதில்லை. 'நாற்று' என்ற சொல்லுக்கு மூலம் 'நாறு' என்ற வினை. இன்றைக்கு நாறுகிறது என்றால் மூக்கைப் பொத்துகிறோம். பழந்தமிழில் அது நறுமணத்தையும் குறித்தது. 'நாறா மலர்' என்று குறள் சொல்வது மணமில்லாத பூவை. அதே வினைக்கு முளைத்தல், தோன்றுதல் என்ற பொருளும் உண்டு. முளைத்து வந்த இளம்பயிர் நாற்று. நாற்று, அம் என்ற சாரியை, கால் மூன்றும் சேர்ந்தது நாற்றங்கால். கால் என்பதற்கு உடலுறுப்பு என்ற பொருளோடு இடம் என்ற பொருளும் இருக்கிறது. நன்னூலார் ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள் உருபுகளை அடுக்கும்போது கண் என்பதற்கு அடுத்து வைப்பது காலைத்தான். நாற்றங்காலில் உள்ள கால் அந்தக் கால் என்றே நான் கொள்கிறேன். நம் தோட்டக்காரர் புழக்கத்தில் 'நாற்றுமேடை' என்ற சொல்லும் இருக்கிறது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் மேடை பொருந்தும். நீருக்கடியில் கிடக்கும் தரைக்கு அது ஒட்டாது.

நாற்றங்கால் என்ற சொல்லுக்குள்ளேயே இருப்பது பெயர்த்தல். நாற்றங்காலில் நாற்று நின்று விளைவதில்லை. பிடுங்கி வேறு வயலில் நட்டால்தான் கதிர் வரும். நாற்றங்கால் பாழானால் அந்தச் சிறு பாத்தியோடு நட்டம் முடியாது, பெரிய வயலும் தரிசாகும். 'வளர்ப்பிடம்' என்ற சொல்லில் இந்தப் பெயர்ச்சி விடுபட்டுப் போகிறது.

கடலியலாளர்களும் இதைத்தான் அழுத்திச் சொன்னார்கள். குஞ்சு நிறைய நிற்கிற இடமெல்லாம் நாற்றங்கால்தான் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2001இல் 'பயோசயன்ஸ்' இதழில் வந்த கட்டுரையொன்று அந்த வரையறையை இறுக்கியது. குஞ்சுகள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன, எவ்வளவு வேகமாக வளர்கின்றன, எத்தனை தப்பிப் பிழைக்கின்றன, எத்தனை வளர்ந்த மீன்கள் வாழும் இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன என்று நான்கையும் பார்க்கச் சொன்னது. அதே பரப்பளவுள்ள வேறு இடங்களைவிட அதிக உயிர்களைப் பெரிய கடலுக்கு அனுப்பும் இடமே நாற்றங்கால். அனுப்புதல் என்ற அந்த நான்காவது அளவுகோலைத் தமிழ்ச் சொல் எப்போதோ உள்ளே வைத்திருந்தது.

சரி, யாழ்ப்பாணத்தில் இது எங்கே இருக்கிறது? குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் தீவுகளுக்கும் நடுவே கிடக்கும் கடனீரேரியில். நம்மவர்கள் பரவைக்கடல் என்று சொல்கிற இந்த நீர் பெரும்பகுதியும் இடுப்பளவு, நெஞ்சளவுதான். வெளிச்சம் அடிவரை போகும், குஞ்சுகளைத் தின்னும் பெரிய மீன்கள் உள்ளே வர ஆழம் போதாது. குஞ்சுக்கு இவ்வளவும் வேண்டும்.

இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் இறால் வெளிக்கடலில் முட்டை விடுகிறது. முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சு இரண்டு மூன்று கிழமை நீரோட்டத்தோடு அலைந்து, உருமாறி உருமாறி, ஒரு ஊசி முனையளவு இறாலாகத் தீவுகளுக்கிடையே உள்ள கடல்வாய்களால் களப்புக்குள் ஏறுகிறது. சேற்றிலும் சாதாளையிலும் சில மாதம் தங்கி வளர்கிறது. பிறகு முட்டைவிடத் திரும்பவும் வெளிக்கடலுக்குப் போகிறது. களங்கட்டி (கம்பு நட்டுக் கட்டும் நிலைவலை) வைத்திருப்பவர்கள் பிடிப்பது இந்தப் போக்குவரத்தில் ஒரு பங்கைத்தான். நீலக்கால் நண்டும் இப்படித்தான். சின்ன நண்டு ஆழமில்லாத புல்லுக்குள் ஒளிந்து வளரும். சினை நண்டு உப்புக் கூடிய ஆழநீரைத் தேடிப் போகும். விளைமீன் குஞ்சாக இருக்கையில் சாதாளையில் நிற்கும், வளர்ந்ததும் பாருக்கு (கடலடிப் பாறைத்திட்டுக்கு) போய்விடும்.

சாதாளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பொது எழுத்தில் இதன் பெயர் கடற்புல். பலர் இதைக் கடற்பாசி என்று எழுதிவிடுகிறார்கள், அது பிழை. பாசிக்கு வேர் கிடையாது, பூ கிடையாது. சாதாளை வேரோடி, பூத்து, காய்த்து, விதைபோடும் முழுத் தாவரம். பாக்கு நீரிணையின் அக்கரையில், இராமநாதபுரம் பக்கத்தில், இதைத் தாழை என்கிறார்கள். நம் சாதாளையையும் சாதாழை என்று எழுதுவோர் உண்டு. பட்டையாக நீண்டு கிடக்கும் அந்த இலையைப் பார்த்தால் தாழை மடலிலிருந்தே பெயர் வந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. தீவுப்பகுதியில் கரையொதுங்கும் சாதாளையை அள்ளித் தோட்டத்துக்குப் பசளையாகப் போட்டவர்கள் நம் முன்னோர்.

வற்றுநேரத்தில் மண்டைதீவுப் பக்கமோ வேலணைப் பக்கமோ முழங்கால் நீரில் இறங்கி, ஒரு இலையைப் பிடுங்காமல் கையில் ஏந்திப் பாருங்கள். அடி இலை பச்சையாக வழுவழுவென்று இருக்கும். நுனிப்பக்கம் மங்கிய பழுப்பில் மயிர்போல ஏதோ படர்ந்திருக்கும். அது இலைமேல் வளரும் நுண்பாசி. அதை மேய்ந்தபடி மிளகளவு நத்தைகள் ஒட்டியிருக்கும். இலையை மெல்ல அசைத்தால் கண்ணாடி போன்ற இறால் குஞ்சொன்று துள்ளி அடுத்த இலைக்குப் போகும். துள்ளாத வரையில் அதன் கரிய கண்கள் இரண்டும்தான் தெரியும். ஓரா மீன் குஞ்சுகள் கூட்டமாக வந்து அதே பாசியைக் கொறிக்கும். நிழல் பட்டதும் உடம்பில் திட்டுத்திட்டாக நிறம் மாறி, புல்லோடு புல்லாக நின்றுவிடும். கீழே வேரும் தண்டும் சேற்றை இறுகப் பிடித்திருப்பதால்தான் நீர் தெளிந்து இருக்கிறது. நீர் தெளிந்திருப்பதால்தான் இலைக்கு வெயில் கிடைக்கிறது. ஒன்று போனால் மற்றதும் போகும்.

படகு தரையோடு இழுத்துப்போகும் வலையான இழுவைமடி பிடுங்குவது இந்த முடிச்சைத்தான். மடியின் வாயை விரித்து வைக்க இரண்டு பக்கமும் பாரமான பலகைகள், அடிக்கயிற்றில் இரும்புச் சங்கிலி. அவை தரையை உரசிக்கொண்டே போகும். புல் வேரோடு வருகிறது. கிளம்பிய சேறு பக்கத்துப் புல்லின்மேல் படிந்து அதன் வெயிலையும் மறைக்கிறது. சின்ன இலைச் சாதாளை சில மாதங்களில் மீண்டும் துளிர்க்கலாம். நீண்ட பட்டையிலை இனம் தலையெடுக்க ஆண்டுகள் ஆகும், அதற்குள் அடுத்த மடி வந்துவிடும். இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கடற்றொழில் திருத்தச் சட்டம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. சட்டம் வந்தும் பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப் படகுகளின் மடி ஓயவில்லை. நம் கரையிலும் அந்தத் தொழில் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. 'சாதாளைக்குள்ள மடி இழுத்தால் நாளைக்கு என்னத்தைப் பிடிக்கிறது தம்பி?' என்று வயதான தொழிலாளர் ஒருவர் கேட்டபோது அவர் எந்த நாட்டுப் படகு என்று பிரித்துப் பேசவில்லை.

மடி மட்டும் காரணமில்லை. களப்பின் குறுக்கே வீதிக்காகப் போட்ட அணைகளான தாம்போதிகள் நீரோட்டத்தை ஒடுக்கின. குடாநாடு பெருநிலத்தோடு சேரும் ஆனையிறவில் மேற்கு நீரும் கிழக்கு நீரும் கலக்கும் வழி அடைபட்டது. தாம்போதி இல்லாமல் தீவார் எப்படிப் போய்வருவது என்பது நியாயமான கேள்வி. நான் சொல்வது தாம்போதியில் விடும் மதகின் அகலத்தைப் பற்றி. குறுகிய மதகால் சேறு தேங்குகிறது, குஞ்சு ஏறும் வழி சுருங்குகிறது. தோட்டத்து யூரியா நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்வது குடாநாட்டில் எல்லாருக்கும் தெரிந்த பிரச்சினை. அந்தச் சத்து கடலில் சேர்ந்தால் இலைமேல் பாசி அளவுக்கு மீறித் தடித்து, நத்தையும் ஓராவும் மேய்ந்து தீராமல், புல் வெயிலின்றி வாடும். கண்டல் வெட்டுவதும் கண் சிறுத்த தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையும் இதோடு சேரும். கடலட்டைப் பண்ணைக்குக் கம்பு நட்டு வலை கட்டும்போதும் உள்ளே இருக்கும் தரை என்ன தரை என்று முதலில் பார்க்கவேண்டும். பண்ணையால் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, அதனால்தான் இடத்தெரிவு முக்கியம்.

2022 மே மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மார்ச் 1ஐ உலகக் கடற்புல் நாளாக அறிவித்தது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது இலங்கைதான். அதே ஆண்டு செப்டெம்பரில் தமிழ்நாடு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. நாம் ஆவுளியா என்று சொல்லும் அந்த விலங்கு மேய்வதும் இந்தப் புல்லைத்தான். இரண்டு கரையிலும் அரசுகள் கடற்புல்லின் பெயரை உச்சரிக்கின்றன என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

மீண்டும் சொல்லுக்கு வருவோம். 'செவிலிக்களம்' என்று கேட்டால் காதுக்கு இனிக்கிறது, இலத்தீன் மூலத்துக்கும் நேர். ஆனால் இன்று செவிலியர் என்றால் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். 'பொரிப்பகம்' மனிதர் தொட்டி கட்டி முட்டை பொரிக்க வைக்கும் இடத்துக்கு உரிய சொல், அதை அங்கேயே விட்டுவிடலாம். 'வளர்ப்பிடம்' பண்ணைக்குப் பொருந்தும். இயற்கையாய் அமைந்த இடத்துக்கு நாற்றங்கால். எந்த உயிருக்கு என்பதை முன்னே சேர்த்துக்கொள்ளலாம்: இறால் நாற்றங்கால், நண்டு நாற்றங்கால். எந்தத் தரை என்பதையும் சேர்க்கலாம்: சாதாளை நாற்றங்கால், கண்டல் நாற்றங்கால், சேற்று நாற்றங்கால்.

கடைசியில் சொன்ன சேற்று நாற்றங்காலைத்தான் நம் ஆவணங்களில் அடிக்கடி தவறவிடுகிறோம். வற்றில் தெரியும் வெறுஞ்சேற்றைப் 'பயன்படாத நிலம்' என்று எழுதி நிரப்ப அனுமதி கேட்கிறார்கள். அந்தச் சேற்றுக்குள் பகலில் இறால் குஞ்சு புதைந்து கிடக்கிறது, இருட்டினதும் மேலே வந்து இரை தேடுகிறது. ஒரு தரையைப் பற்றி அறிக்கை எழுதுபவர் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பதோடு நிற்கக் கூடாது. என்ன குஞ்சு, எந்த மாதங்களில் ஏறுகிறது, வளர்ந்து எந்தக் கடலுக்குப் போகிறது என்ற மூன்றையும் எழுதவேண்டும். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை சல்லடை வலை போட்டுப் பார்த்துவிட்டு எழுதவேண்டும்.