எல்லை மலைகளில் சிக்கிள் செல்: முகாமுக்குப் பிறகு என்ன?

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியர், குறும்பர் குடும்பங்களுக்கு வயநாட்டிலும் சொந்தபந்தம் உண்டு. கல்யாணம், தோட்ட வேலை, ஆஸ்பத்திரி என்று மாநில எல்லையைக் கடந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய மருத்துவப் பதிவு மட்டும் கூடவே போவதில்லை. சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் செல் ரத்தசோகை, சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக் குழாயை அடைத்து வலி தரும் பரம்பரை நோய்; ஆயுள் முழுக்க மருந்து கேட்கும். ஆகவே இந்த இடைவெளி நேரடியாக உயிரைத் தொடுகிறது.

2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. முகாம்களில் பெரும்பாலும் செய்வது கரைதிறன் சோதனை. விரல்நுனி ரத்தத்தைக் கரைசலில் கலந்து, குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட தாளைப் பிடிப்பார்கள். கோடு தெரியாத அளவுக்குக் கலங்கினால் பாசிட்டிவ். ஆனால் அவர் நோயாளியா, வெறும் கேரியரா (மரபணுவைச் சுமந்தும் பொதுவாக நோய் இல்லாதவர்) என்பதை இது சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி போன்ற உறுதிச் சோதனை வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும், ரத்தம் மிகவும் குறைந்தவருக்கும் நோய் இருந்தும் நெகட்டிவ் என்று வரலாம். சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு முடிவு குழம்பும்; மூன்று மாதமாவது பொறுத்துச் செய்யுங்கள். முகாம் நடத்துவது எளிது. உறுதிச் சோதனையின் முடிவை அந்தக் குடும்பத்தின் கையில் சேர்ப்பதில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறோம்.

நோய் உறுதியானால் தினமும் ஃபோலிக் அமிலம், மருத்துவர் சொன்னால் வலி வருவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா. இரண்டாவது மருந்து பொதுவாக 500 மி.கி. காப்ஸ்யூலாகவே கிடைக்கிறது. கிலோவுக்கு 10 மி.கி. என்று தொடங்கினால் 20 கிலோ குழந்தைக்கு 200 மி.கி.தான். வீட்டில் காப்ஸ்யூலைப் பிரித்துக் குத்துமதிப்பாகக் கொடுக்கக் கூடாது. எந்தெந்த நாளில் கொடுப்பது என்று மருத்துவர் கணக்கிட்டு எழுதித் தரட்டும். கர்ப்பிணிகள் அந்தப் பொடியைத் தொடவே வேண்டாம். தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறவருக்கு முதலில் அணுச் சோதனை, பிறகு அடுத்த சோதனை வரைக்குமான மாத்திரை. கையிருப்பு தீர்ந்து விட்டுவிட்டால் மருந்தின் பலன் மெல்லக் கரைந்து, வலி திரும்பும்.

இன்னொன்று, ரத்தசோகை என்ற பெயரைப் பார்த்ததும் இரும்புச்சத்து மாத்திரையை எழுதிவிடுகிறார்கள். பலமுறை ரத்தம் ஏற்றியவர் உடம்பில் ஏற்கெனவே இரும்பு தேங்கியிருக்கும். உடம்பில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

மழைக்காலக் குளிரும் தண்ணீர் குடிக்காததும் வலியைக் கிளப்பும். லேசான வலிக்குப் பாராசிட்டமால், வெதுவெதுப்பு, நிறையத் தண்ணீர் என்று வீட்டிலேயே பார்க்கலாம். 101 டிகிரிக் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுவது, குழந்தை திடீரென வெளுத்து இடப்பக்க வயிறு வீங்குவது: இதில் எது வந்தாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மண்ணீரல் வீக்கத்தைத் தாயே தொட்டுப் பார்க்கலாம். இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து, வழக்கமாக எந்த அளவு தட்டுப்படுகிறது என்று செவிலியர் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும்.

கிளம்பும்போது கையில் ஓர் அட்டை இருக்கட்டும். நோயின் வகை, ரத்தப் பிரிவு, மருந்தின் அளவு, கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி, இவற்றோடு வழக்கமான ஹீமோகுளோபின் அளவும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். எப்போதும் 7.5 உள்ளவர் வலியோடு வந்து அதே 7.5 இருந்தால், வலிக்காக மட்டும் ரத்தம் ஏற்றத் தேவையில்லை. 10-க்கு மேல் ஏற்றினால் ரத்தம் தடித்து ஆபத்து கூடும். அட்டையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மானந்தவாடியிலோ சுல்தான் பத்தேரியிலோ இருக்கும் மருத்துவர் அதைப் படித்தாக வேண்டும்.

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை, மேலே போகப் போகக் குளிர். கம்பளியும் குடிநீரும் வண்டியில் ஏறியாக வேண்டும். எல்லையோரத்தில் போன் பக்கத்து மாநில டவரைப் பிடித்திருக்கலாம். 108-ஐ அழைத்ததும் முதலில் மாநிலத்தையும் வட்டத்தையும் சொல்லிவிட்டுப் பிறகு ஊர்ப் பெயருக்கு வாருங்கள்.