கேட்கிற பேடும் கரண்ட் கொடுக்கிற பேடும் ஒன்றல்ல

போன வாரம் பல்லடம் பக்கமிருந்து விசைத்தறி ஓட்டுபவர் ஒருவர் வந்தார். பாவு பீம் (பாவு நூல் சுற்றிய உருளை) தூக்கும்போது முழங்கை பிசகி, கட்டுப் போட்டு ஆறிய கை. வேறோர் இடத்தில் ஈஎம்ஜி (தோலில் பேட் எனும் ஒட்டுவில்லைகளை ஒட்டி, தசையின் மின்சாரத்தைப் பதியும் சோதனை) எடுத்து, "இடது கைத் தசை பாதிகூட வேலை செய்யவில்லை" என்று சொல்லிவிட்டார்களாம். தறியை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. பேட் ஒட்டப் பேனாவில் குறித்த கோடு இன்னும் அழியவில்லை. இடது கையில் தசையின் நட்டநடுவில், வலது கையில் அதற்குக் கீழே! இப்படி எத்தனை பேரைத்தான் பார்ப்பது?

"கரண்ட்டு வெப்பீங்களாங்க?" என்றுதான் அவரும் முதலில் கேட்டார். இல்லைங்க. வலிக்கு வைக்கும் டென்ஸ், ஐஎஃப்டி மெஷின்கள்தான் கரண்ட் கொடுப்பவை. ஈஎம்ஜி எதையும் உள்ளே அனுப்புவதில்லை. தசை சுருங்கும்போது அதுவே உண்டாக்கும் மின்சாரத்தைத் தோலின் மேலிருந்து கேட்கிறது, அவ்வளவுதான்.

நோயாளி குழம்பினால் தப்பில்லை. படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகளும் கரண்ட் கொடுக்கிற பழக்கத்திலேயே ஒட்டுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தசையின் நடுவாக்கில் நரம்பு உள்ளே நுழையும் மோட்டார் பாயிண்டில் தூண்டினால் தசை சட்டென்று துள்ளும், சரி. பதிவு செய்யும்போது அங்கிருந்துதான் அலை இரண்டு பக்கமும் கிளம்புகிறது. இரண்டு பேடும் அதன் இருபுறமும் உட்கார்ந்தால் ஒரே மாதிரி அலைதான் இரண்டிலும் வரும். கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. மிஞ்சுவது கொஞ்சம்தான்; நல்ல தசையும் வேலை செய்யாதது போலத் தெரியும். (நரம்பு வேகம் பார்க்கும் சோதனையில் மோட்டார் பாயிண்ட் சரியான இடம். அங்கே இன்னொரு பேட் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் மேல் இருக்கும்.)

பைசெப்ஸுக்கு (மேல்கையின் முன்பக்கத் தசை) தோள் எலும்பு முனையிலிருந்து முழங்கை மடிப்புக்குக் கோடு போடுங்கள். மடிப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், தசை ஓடும் திசையிலேயே, நடுவுக்கு நடு 20 மில்லிமீட்டர் விட்டு ஒட்டுங்கள். தோல்மேல் எடுக்கும் ஈஎம்ஜிக்கு ஐரோப்பாவின் செனியாம் வழிகாட்டுதல் இதுதான். ஒப்பீட்டுக்கான தனி பேட், அதாவது கிரவுண்ட், மணிக்கட்டில். முடியை மழித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, காயவிடுங்கள். இரண்டு கையையும் டேப் வைத்து அளக்காமல் ஒப்பிடவே கூடாது.

சோதனைக்கு வருகிறவர்களே, அன்று காலையில் தேங்காயெண்ணெயும் தைலமும் வேண்டாமுங்க. பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளாதென்றால் முன்பே சொல்லுங்கள். மேல்தோல் பதிவை மட்டும் வைத்து நரம்பு போய்விட்டதென்று யாராவது சொன்னால், ஊசி வைத்துப் பார்க்கும் சோதனை தேவையா என்று கேளுங்கள்.

அவருக்கு அளந்து மறுபடி எடுத்தோம். இடது கை சற்றே குறைவு, பாதியெல்லாம் இல்லை. தறிக்குப் போகிறார். பீம் மட்டும் இப்போதைக்கு மகன் தூக்குகிறான்.