மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு: நடு எஞ்சின் கார் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு

போன ஐப்பசி மழையில் ஒரு டோ லாரி அம்பத்தூரில் என் பட்டறை வாசலில் வந்து நின்றது. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். முன்பாதி 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பின்பாதியில் மாருதி ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். இரண்டுக்கும் நடுவே சதுரக் குழாய் வெல்டிங், மேலே பாதி முடிந்த ஃபைபர் பாடி. கொண்டுவந்த தம்பிக்கு ஐடி வேலை. "அண்ணா, எஞ்சின் ஓடுது. மத்ததை மட்டும் முடிச்சுக் குடுங்க" என்றார்.

எஞ்சின் ஓடத்தான் செய்தது. ஆனால் இந்த மாதிரி வண்டியில் எஞ்சின் ஓடுவது பெரிய விஷயமே இல்லை. எல்லாச் சங்கடமும் அவர் சொன்ன அந்த 'மத்ததில்'தான் இருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே எஞ்சினை வைக்கிற அவருடைய 'நடு எஞ்சின்' யோசனை பைத்தியக்காரத்தனம் அல்ல. 1966இல் வந்த லோட்டஸ் யூரோப்பாவே ஒரு கலப்பு வண்டிதான். முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த பாகமான அப்ரைட், டிரையம்ஃப் என்ற பிரிட்டிஷ் கார் குடும்பத்தது. எஞ்சினும் கியர் பாக்ஸும் ரெனோ 16 காரிலிருந்து வந்தவை. நம் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அதே டிரையம்ஃப் வம்சம். தம்பி இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். முன் சக்கரத்தை ஓட்டும் குறுக்கு எஞ்சினை அப்படியே சீட்டுக்குப் பின்னால் தள்ளுவதும் பழைய வழிதான். ஃபியட் 1972இல் எக்ஸ்1/9 காரிலும், டொயோட்டா 1984இல் எம்ஆர்2 காரிலும் இதைச் செய்தன. அவ்வளவு ஏன், முன் சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் மாருதி ஓம்னியில் அந்தச் சீட்டில் உட்கார்ந்து சூடு வாங்கியவர்கள் எல்லாருமே நடு எஞ்சின் வண்டியில் போனவர்கள்தான்.

ரெனோவில் கியர் பாக்ஸ் எஞ்சினுக்கு முன்னால் இருக்கும். லோட்டஸ் அதை முன்பின்னாகத் திருப்பி வைத்தது. திருப்பினால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். நாலு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் கிடைக்கும். அதனால் உள்ளே, சக்கரத்துக்குச் சுழற்சியைத் திருப்பிக் கொடுக்கும் பல்சக்கரமான கிரவுன் வீலைப் பக்கம் மாற்றிப் போட்டார்கள். கம்பெனிக்காரர்கள் இப்படி ஒவ்வொரு சேரும் இடத்தையும் புதிதாகக் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். நாம் புதுப்பேட்டைப் பழைய கார் பாகச் சந்தையில் வாங்கி வரும் பாகமோ அதன் பழைய வண்டியின் கணக்கோடு வருகிறது.

தம்பியின் வண்டியில் பின்பக்கம் ஸ்விஃப்ட்டின் முன் சஸ்பென்ஷன் அப்படியே வந்திருந்தது. அது திரும்புவதற்காகச் செய்தது. பின்னால் போனால் திரும்பக் கூடாது, ஆகவே ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடின் உள்முனையை எங்கேயாவது கட்டிப்போட வேண்டும். வெல்டர் கைக்கு எட்டிய இடத்தில் ஒரு பட்டையை ஒட்டி அதில் மாட்டியிருந்தார். வண்டி நிற்கும்போது சக்கரம் நேராகத்தான் இருந்தது. நான் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் சக்கரத்தைப் பத்துப் பத்து மில்லிமீட்டராக ஏற்றி, சக்கரம் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்புகிறது ('டோ') என்று அளந்தேன். ஏற ஏறச் சக்கரம் வெளியே திரும்பிக்கொண்டே போனது. காரணம், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் ஒரு வட்டத்தில் ஏறுகிறது, டை ராட் வேறு வட்டத்தில் ஏறுகிறது. ரோட்டில் இதற்கு என்ன அர்த்தம்? ஒவ்வொரு பள்ளத்திலும் ஓட்டுபவரைக் கேட்காமல் பின் சக்கரம் ஸ்டியரிங் பிடிக்கும். வளைவில் ஒரு பள்ளம் வந்தால் போதும். உள்முனையின் இடத்தை மாற்றி மாற்றி, அந்தத் திருப்பம் அடங்கும்வரை அளக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது. வெல்டிங் வேலை அரை நாள்தான்.

பிரேக் இதைவிட மோசம். ஸ்விஃப்ட்டின் முன் டிஸ்க் இப்போது பின்னால். முன்னால் இருப்பதோ ஹெரால்டின் பழைய டிரம். பின் சக்கரத்துக்கு யானை பலம், முன் சக்கரத்துக்குப் பூனை பலம். எடை பின்னால் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். பிரேக் மிதித்தால் எந்த வண்டியிலும் பாரம் முன்னால் சாயும். அந்த நேரத்தில் பின் சக்கரம் முந்திக்கொண்டு பூட்டினால் வண்டி பம்பரம்தான். டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் ஸ்விஃப்ட்டின் முன் காலிபரில் ஹேண்ட் பிரேக் கிடையாது என்பதையும் யாரும் யோசித்திருக்கவில்லை. என் வாசல் சரிவில் கல் வைத்துத்தான் வண்டியை நிறுத்தினோம்! முன்னுக்கு டிஸ்க், ஒரு சுற்று பழுதானாலும் மற்றது பிடிக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், பின்னால் போகும் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு, தனியாக ஒரு ஹேண்ட் பிரேக் காலிபர். இவ்வளவும் மாற்றியாக வேண்டியிருந்தது.

இந்த வண்டிகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் சுற்றுகின்றன என்று கேட்டால் காவடியைச் சொல்வேன். இரண்டு முனையிலும் குடம் தொங்கினால் திரும்புவதற்கும் நேரமாகும், திரும்பியதை நிறுத்தவும் நேரமாகும். அதே குடங்களை இடுப்போடு அணைத்துக்கொண்டால் சட்டென்று சுற்றிவிடலாம். நடு எஞ்சினின் சுகமும் ஆபத்தும் அதுதான். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். முன்னால் எஞ்சின் உள்ள பழைய பத்மினி கார் ஓட்டிய பழக்கம் இங்கே உதவாது.

சக்கர போல்ட் பற்றி ஒரு வார்த்தை. பத்மினி ஹப்பில் நாலு ஓட்டையின் வட்டம் 98 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட் அலாயில் 100. இரண்டு மில்லிமீட்டர்தானே, போல்ட்டும் ஏறிவிடுகிறது. ஆனால் கோணலாக உட்கார்ந்து, ஓட ஓடத் தளரும். ஹெரால்ட் 95.25 என்பதால் ஏறவே ஏறாது, அந்த வகையில் அது நல்ல வண்டி.

எரிபொருள் ஹோஸை நான் முதலில் பார்ப்பேன். கார்புரேட்டர் காலத்து ரப்பருக்குப் பெரிய அழுத்தம் பழக்கமில்லை. இன்ஜெக்‌ஷன் பம்ப் கொடுப்பது ஏறத்தாழ 3 பார், அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப் போல மூன்று மடங்கு. போதாததற்கு இப்போது பம்பில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊறவைத்து இளக்கிவிடும். தம்பியின் வண்டியில் அந்த ஹோஸ் எக்ஸாஸ்டுக்கு ஒரு சாண் தள்ளி, சீட்டுக்கு நேர் பின்னால் போனது. தீயணைப்பான் கேட்டேன், வாங்கவில்லை.

ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால் என்றால் தண்ணீர் பைப் வண்டி நீளத்துக்கும் ஓடும். வழியில் எங்கே மேடு இருக்கிறதோ அங்கே காற்று தங்கும். அங்கங்கே காற்றை வெளியேற்றத் திருகு வைக்காவிட்டால் மே மாதக் கத்திரியில், கிண்டி சிக்னலில், எஞ்சின் தலைப்பகுதியின் அடைப்பான ஹெட் கேஸ்கெட் போய்விடும். சூடு காட்டும் மீட்டரை நம்ப முடியாது. சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும், ஆவியில் நின்றால் சாதுவாக இருக்கும்.

புதுப்பேட்டையில் எஞ்சின் வாங்கும்போது இசியு (எஞ்சினை நடத்தும் கணினி), வயரிங், சாவி மூன்றையும் ஒரே காரிலிருந்து வாங்குங்கள். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள மாடலில் சாவி பொருந்தாவிட்டால் எஞ்சின் வெறும் இரும்பு. ஆர்சி நகல், பில் இல்லாத எஞ்சின் எண் நாளைக்குப் போலீஸ் விசாரணையில் போய் நிற்கும்.

இனி கசப்பான விஷயம். இந்த வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதில் எத்தனை மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு லாரியில் ஏற்றிப் போவது ஒன்றுதான் யோக்கியமான வழி.

எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சல் அந்த ஹெரால்டைப் பார்த்துத்தான். 2021இல் வந்த பழங்கால வாகன விதிப்படி, 50 வயது தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 'விஏ' வரிசையில் தனிப் பதிவு உண்டு. கண்காட்சிக்கும் ராலிக்கும் ரோட்டிலேயே கௌரவமாக ஓட்டிப் போயிருக்கலாம். கிரைண்டர் வைத்த அன்று அந்த வழி அடைபட்டது. இப்படித்தான் கட்டுவேன் என்றால் புதிதாக ஒரு குழாய் ஃபிரேம் செய்யுங்கள், பழைய வண்டியிலிருந்து போல்ட்டைக் கழற்றி எடுக்கக்கூடியதை மட்டும் எடுங்கள். சேசிஸை அறுக்காதீர்கள்.

தம்பி இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டிராக்குக்கே முடித்துத் தரச் சொன்னார். போன வாரம் லாரி எடைமேடையில் முன் சக்கரத்தைத் தனியாகவும் பின் சக்கரத்தைத் தனியாகவும் ஏற்றினோம். முன்னால் 270 கிலோ, பின்னால் 430. முன்னால் பாரம் கூட, பேட்டரியைக் கழற்றி ஹெரால்டின் பழைய ரேடியேட்டர் இருந்த பக்கம் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.