30 சதவீதம் இருக்கும்போதே லேப்டாப் அணைகிறதா? காலிப்ரேஷனுக்கு முன் இதைப் பாருங்கள்

கரண்ட் போனால்தான் பல பேருக்கு விஷயம் தெரியவருகிறது. வருஷக்கணக்கில் சார்ஜரோடு மேசையிலேயே கிடந்த லேப்டாப், கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் 38 சதவீதம் என்று காட்டிக்கொண்டே பட்டென்று அணைந்துவிடும். சர்வீஸுக்கு எடுத்து வருகிறவர்கள் அதற்குள் ஒரு வைத்தியமும் பார்த்து முடித்திருப்பார்கள். "முழுசா இறக்கி ஏத்திப் பார்த்துட்டேன் சார், சரியாகலை." சரியாகாதுதான். இப்படி முழுசாக இறக்கி ஏற்றுவதைத்தான் காலிப்ரேஷன் என்கிறார்கள். அது திருத்துவது எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்ற பேட்டரியின் கணக்கை. பேட்டரிக்குள் சார்ஜைத் தேக்கிவைக்கும் செல் தேய்ந்திருந்தால் அதை இது தேற்றாது. அடிக்கடி முழுசாக இறக்கினால் செல் இன்னும் சீக்கிரம் தேயும்.

பேட்டரி பேக்குக்குள் செல்களோடு ஒரு சின்ன சர்க்யூட் போர்டு இருக்கும். அதிலுள்ள கேஜ் ஐசி, அதாவது சார்ஜை அளக்கும் சிப்தான் அந்தச் சதவீதத்தைச் சொல்கிறது. சாதாரண லித்தியம் அயன் செல் முழுசாக ஏறியதும் 4.2 வோல்ட், காலியாகும்போது 3 வோல்ட் பக்கம் இருக்கும். நடுவில் பெரும்பகுதி நேரம் 3.6, 3.7 என்று கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும். ஆகவே வோல்டேஜை மட்டும் பார்த்து 60-ஆ 40-ஆ என்று சொல்வது கஷ்டம். உள்ளே வரும் கரண்ட், வெளியே போகும் கரண்ட் இரண்டையும் ஐசி கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது. மளிகைக் கடைக் கடன் நோட்டு மாதிரிதான். அங்கங்கே சில்லறை விட்டுப்போகும், மாசக் கடைசியில் உட்கார்ந்து பார்த்தால்தான் நேராகும். முழுசாக ஏறி ஓய்ந்த நிலையும், முழுசாக இறங்கி ஓய்ந்த நிலையும்தான் ஐசி கணக்கு நேர்செய்யும் இடங்கள். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு முழுசாக இறங்கி ஓயும் வாய்ப்பே வருவதில்லை.

கையை வைப்பதற்கு முன் விண்டோஸில் ஒரு ரிப்போர்ட் எடுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரை) திறந்து powercfg /batteryreport என்று தட்டி எண்டர் கொடுத்தால் போதும். ஃபைல் எங்கே சேர்ந்திருக்கிறது என்று அதுவே காட்டும். அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் பிடிக்க வேண்டிய அளவு) 45,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது பிடிப்பதாக ஐசி சொல்லும் அளவு) 21,000 மில்லிவாட் அவர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 21,000-ஐ மட்டும் பார்த்து பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கீழே கெபாசிட்டி ஹிஸ்டரி என்று ஒரு பட்டியல் வரும். அதில் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி எண் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தால் அது வயசு. மாசக்கணக்கில் ஒரே எண்ணில் அசையாமல் நின்றாலோ, திடீரென்று பெரிய பள்ளம் விழுந்தாலோ, கணக்கின் மேல் சந்தேகப்படலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு, செலவில்லாதது. லேப்டாப் தானாக அணைந்ததும் சார்ஜர் போடாமல் திரும்ப ஆன் செய்யுங்கள். 2, 3 சதவீதம் என்று காட்டினாலோ, ஆனே ஆகவில்லை என்றாலோ, ஐசி தப்பாக எண்ணிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இதற்குக் காலிப்ரேஷன் உதவும். பழையபடி 30-க்கு மேலேயே காட்டி, சும்மா இருக்கும்வரை ஓடி, வீடியோ போட்டதும் மறுபடி அணைந்தால் செல்லைத்தான் சந்தேகப்பட வேண்டும். பேக்கில் செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. ஒன்று பலவீனமானாலும் லோடு ஏறும்போது அதன் வோல்டேஜ் சரிந்து, பாதுகாப்பு சர்க்யூட் மொத்தத்தையும் துண்டித்துவிடும். இதற்கு பேட்டரி மாற்றுவதுதான் வழி.

சிலர் 80 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை, அல்லது 60-லேயே நிற்கிறது என்று வருவார்கள். பெரும்பாலும் அது கோளாறே இல்லை. லெனோவா, ஆசுஸ், டெல் எல்லாவற்றிலும் பேட்டரி ஆயுளுக்காக சார்ஜை ஓரளவோடு நிறுத்தும் செட்டிங் உண்டு. யாரோ எப்போதோ ஆன் செய்திருப்பார்கள்.

காலிப்ரேஷன்தான் தேவை என்று தெரிந்தால், முதலில் அந்த செட்டிங்கை எடுத்துவிடுங்கள். 100 வரை ஏற்றி, அப்புறமும் இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி இறக்க வேண்டும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். விண்டோஸ் பொதுவாக 5 சதவீதம் வந்ததும் ஹைபர்னேட்டுக்குப் போய்விடும், அதாவது திறந்திருப்பதைச் சேமித்துவிட்டுத் தானே அணைந்துவிடும், பேட்டரி முழுசாகக் காலியாவதே இல்லை. கடைசி 10 சதவீதத்துக்கு வந்ததும் வேலைகளை சேவ் செய்து மூடிவிட்டு, பயாஸ் திரைக்கு (விண்டோஸ் திறப்பதற்கு முன்பே வரும் செட்டிங் திரை) போய் எதையும் மாற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள். தானாக அணையட்டும். அணைந்ததும் அவசரப்பட்டு சார்ஜரைக் குத்தாதீர்கள், ஐந்து மணி நேரம் ஆறட்டும். வோல்டேஜ் நிலைக்கு வந்த பிறகுதான் ஐசிக்கு சரியான அளவு கிடைக்கும். அதற்காக நாள்கணக்கில் காலியாகப் போட்டுவைக்கவும் கூடாது. அப்புறம் நடுவில் கழற்றாமல் 100 வரை ஏற்றுங்கள். எச்பி லேப்டாப் சிலவற்றில் இதற்கென்றே ஒரு சோதனை வசதி உள்ளேயே இருக்கிறது, இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட மேக்புக்குக்கு இது தேவையில்லை என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது.

இதை மாதாமாதம் செய்ய வேண்டியதில்லை. கணக்கு தப்பும்போது செய்தால் போதும். "முழுசா இறக்கித்தான் ஏத்தணும்" என்பது நிக்கல் காட்மியம் என்ற பழைய வகை பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல்தான்.

டச்பேட் மேலெழும்பி இருந்தாலோ, கிளிக் ஆகாமல் இறுகினாலோ, அடிமூடி ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தாலோ மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். பேட்டரி வீங்கியிருக்கலாம். சார்ஜ் போடாமல் அணைத்து வைத்துவிட்டு, அழுத்தாமல், குத்தாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடக்கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதைத் தனியாகத்தான் ஒப்படைக்கச் சொல்கின்றன. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.