பொலிஸ் வந்திட்டுதா, வந்திட்டாங்களா?

காகங்கள் கூட்டமாக நின்றால் ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று கேளுங்கள், என்னிடம் வருகிற தரம் 7 பிள்ளை மூச்சு விடாமல் 'எ மேர்டர் ஒஃப் க்ரோஸ்' என்று சொல்லிவிடும். சிங்கத்துக்கு 'பிரைட்', ஆந்தைக்கு 'பார்லிமென்ட்', திமிங்கிலத்துக்கு 'பொட்', எல்லாம் தலைகீழ்ப் பாடம். அதே பிள்ளையிடம் 'சந்தியில் பொலிஸ் நிற்குது' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் 'த பொலிஸ் இஸ்' என்று தொடங்கும். நான் சிவப்புப் பேனையை எடுத்ததும் "ஏன் டீச்சர், இஸ் சரிதானே?" என்று முழிக்கும். அந்தப் பிள்ளை ஆந்தைக் கூட்டத்தை எப்போதாவது பார்க்குமோ தெரியாது, நானே இன்னும் பார்த்ததில்லை. பொலிஸைப் பற்றி ஒரு வசனம் எழுதவேண்டிய நாள் மட்டும் கட்டாயம் வரும்.

திருகோணமலை நகரத்தில் மாலை வகுப்பு வைத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிப்பதுதான் என் தொழில். கூட்டுப்பெயர் என்று தமிழில் சொல்கிற இந்த 'கலெக்டிவ் நவுன்' பாடத்தை நானும் பல வருசம் பிழையாகத்தான் படிப்பித்தேன், அதை முதலே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். போட்டோகொப்பி அடித்த இரண்டு பக்க அட்டவணை, இடது பக்கம் மிருகம், வலது பக்கம் அதன் கூட்டத்துக்குப் பெயர், வெள்ளிக்கிழமை கேள்வி கேட்பேன், பத்துக்குப் பத்து எடுத்த பிள்ளைக்கு ஒரு டொஃபி. இப்போது அந்த மாதிரி அட்டவணைகள் பெருத்துப் பிடிஎஃப் ஆகி வட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. போன தவணை ஒரு தாய் இரவு 10 மணிக்கு வொய்ஸ் அனுப்பினார்: "டீச்சர், நாளைக்கு இதில நூறு கேட்பாங்களாம், இவன் அறுபதுக்கு மேல போகாதாம் என்று அழுறான், என்ன செய்யிற?" பிள்ளையைப் படுக்க விடுங்கோ என்று பதில் அனுப்பினேன். அந்தத் தாய்க்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேட்டைக்குப் போகிற பிரபுக்களுக்கு, எந்த மிருகத்தின் கூட்டத்துக்கு எந்தச் சொல் என்று தெரிந்து வைத்திருப்பது ஒரு பெருமை. 1486இல் அச்சான 'புக் ஒஃப் செயின்ட் ஓல்பன்ஸ்' என்ற நூலில் இப்படி ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. சிங்கத்தின் 'பிரைட்' அதில் உண்டு, சரி. அதே பட்டியலில் கன்னியாஸ்திரிகளின் கூட்டத்துக்கு 'சூப்பர்ஃப்ளுவிட்டி' என்றும் போட்டிருக்கிறார்கள், அளவுக்கு மிஞ்சிப்போனது என்று அர்த்தம். அதாவது, பாதி பகிடி. 500 வருசத்துக்கு முந்திய வேட்டைக்காரரின் பகிடியைத்தான் எங்கள் பிள்ளை இரவு 10 மணிக்கு அழுதழுது பாடமாக்குகிறான். ஆங்கிலேயரே வாசலில் நாலு காகம் நின்றால் 'எ லொட் ஒஃப் க்ரோஸ்' என்றுவிட்டுப் போவார்களே தவிர 'மேர்டர்' எல்லாம் இழுக்க மாட்டார்கள்.

நிசமாகப் புழங்குகிறவை கொஞ்சம்தான். பறவைக்கும் ஆட்டுக்கும் ஃப்ளொக், மாட்டுக்கும் மானுக்கும் யானைக்கும் ஹேர்ட், தேனீக்கு ஸ்வோம், சாவிக்கு பன்ச், சனத்துக்கு க்ரவுட், கப்பலுக்கு ஃப்ளீட், கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு க்ரூ, இப்படி ஒரு 20க்குள் அடங்கிவிடும். மறந்துபோனால் 'குரூப்' என்று போடலாம், தலை போகாது. கோட்டைக்குள் கோணேஸ்வரத்துக்குப் போகிற பாதையில் நிற்கும் புள்ளிமான்களைப் பற்றி எழுதச் சொன்னபோது ஒரு பிள்ளை 'எ குரூப் ஒஃப் டியர்ஸ்' என்று எழுதிவிட்டு, ஹேர்ட் மறந்துபோச்சு டீச்சர், புள்ளி குறைக்காதீங்க என்று கெஞ்சியது. 'குரூப்'பில் ஒரு பிழையும் இல்லை. 'டியர்' என்பதற்குப் பின்னால் போட்ட 'எஸ்'தான் பிழை, ஒரு மான் என்றாலும் நூறு மான் என்றாலும் 'டியர்' தான். பயந்தது ஒரு இடத்தில், விழுந்தது இன்னொரு இடத்தில்.

நிலாவெளிப் பக்கமிருந்து வருகிற ஒரு பையன் இருக்கிறான், தகப்பன் கரைவலை இழுக்கப் போகிறவர். 'எ ஸ்கூல் ஒஃப் ஃபிஷ்' என்று நான் போர்டில் எழுதின அன்று கையை உயர்த்தி, "டீச்சர், மீன் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகுது?" என்றான். வகுப்பே சிரித்தது. முந்தி என்றால் 'அது அப்படித்தான், எழுது' என்று வாயை அடைத்திருப்பேன், அன்றைக்கு ஏனோ மனம் வரவில்லை, வீட்டுக்குப் போய் அகராதியைத் தேடினேன். இரண்டும் எழுத்தால் ஒன்று, பிறப்பால் வேறு. பிள்ளைகள் போகிற 'ஸ்கூல்' கிரேக்கத்தில் பிறந்து லத்தீன் வழியாக வந்தது. மீன் 'ஸ்கூல்' கூட்டம் என்று அர்த்தம் வருகிற பழைய டச்சுச் சொல்லில் இருந்து வந்தது, 'ஷோல்' என்ற சொல்லும் அதற்கு உறவுதான். கோட்டையைப் பிடித்து இருந்துவிட்டுப் போன அதே டச்சுக்காரர், எங்கள் 'டச் பே' கடற்கரைக்குப் பேர் தந்தவர்கள், இன்றைக்கும் மீன் கூட்டத்தை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னபோது அவன் கண்ணைப் பார்த்திருக்கவேண்டும். பிறகு அவன் எங்களுக்குப் படிப்பித்தான். கரையில் நின்றே கூட்டம் எங்கே என்று பார்ப்பார்களாம், அந்த இடத்தில் தண்ணி கறுத்துத் தெரியுமாம், மேலே பறவை விழுந்து விழுந்து எழும்புமாம், நெத்தலி என்றால் முழுக்கூட்டமும் ஒரு சொடுக்கில் திரும்புமாம், யாரோ விசில் அடித்த மாதிரி. அது ஒரு பக்கமாகத் திரும்பி ஒன்றாகப் போனால் ஸ்கூல், சும்மா ஓரிடத்தில் கூடி நின்றால் ஷோல் என்று மீன் ஆராய்ச்சிக்காரர் பிரித்துச் சொல்வார்கள் என்று நான் சொன்னதும், "அப்ப நெத்தலி ஸ்கூல்தான் டீச்சர்" என்றான். அந்தச் சொல்லை அவன் இனி மறக்கமாட்டான், டொஃபியும் தேவைப்படவில்லை.

இனி பொலிஸுக்கு வருவோம். எனக்கு இதைக் கண்டுபிடிக்கவே வருசங்கள் போயின: பிள்ளைகள் 'பொலிஸ் இஸ்' என்று எழுதுவது ஆங்கில இலக்கணம் தெரியாததால் இல்லை, தமிழ் நன்றாகத் தெரிந்ததால். வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? 'பொலிஸ் வந்திட்டுது', 'கலியாணத்துக்குச் சனம் வந்திருக்கு', 'அரசாங்கம் சொல்லிச்சு', 'வீட்டுக்கு விருந்து வந்திருக்கு'. வந்தது எல்லாம் மனிசர்தான், வினை மட்டும் 'அது'. புதுப் பழக்கம் என்று நினைக்கவேண்டாம், தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்திலேயே மனிதரைக் குறித்தாலும் வினை அஃறிணையாக வருகிற சொற்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது. விருந்து, குழு, அரசு மூன்றும் அதில் உண்டு. ஆகவே தமிழ்ப் பிள்ளையின் காதுக்கு, ஆட்கள் பலராக இருந்தாலும் கூட்டம் என்றால் ஒருமை வினை, அது இரத்தத்தில் ஊறினது, அதைத்தான் அப்படியே 'இஸ்' ஆக்கிக் கொப்பியில் எழுதுகிறது.

ஆனால் அதே வாயால்தான் 'பொலிஸ் வந்திட்டாங்க' என்றும் சொல்கிறோம். இந்த இரண்டாவது வசனம்தான் மருந்து. இப்போது வகுப்பில் நான் செய்வது இவ்வளவுதான்: பொலிஸ் என்று வந்தால் மனதுக்குள் 'வந்திட்டாங்க' போட்டுப் பார், எப்போதும் 'ஆர்' தான், ஒரு நாளும் 'இஸ்' வராது. ஒரே ஒரு ஆள் நின்றால் 'எ பொலிஸ் ஒஃபிசர் இஸ்'. 'பீப்பிள்' அப்படியே. 'கேட்டில்' என்ற சொல்லும் அப்படியே, மாடுதானே என்று 'இஸ்' போட்டுவிடக்கூடாது.

டீம், ஃபமிலி, கமிட்டி, க்ரூ போன்றவை வேறு சாதி. இவை இரண்டு பக்கமும் போகும். எல்லாரும் சேர்ந்து ஓர் ஆள் மாதிரி ஒரு காரியம் செய்தால் 'இஸ்', உள்ளே இருக்கிறவர்கள் தனித்தனியாக ஆளுக்கொன்று செய்தால் 'ஆர்'. 'த ஃபமிலி இஸ் லார்ஜ்' என்றால் குடும்பம் பெரிசு. 'த ஃபமிலி ஆர் ஆர்கியுயிங்' என்றால் வீட்டுக்குள்ளே ஒருத்தரோடு ஒருத்தர் வாய்த்தர்க்கம். இது பிரித்தானிய வழக்கம், எங்கள் பாடசாலைகளில் படிப்பிக்கிறதும் அந்த வழியைத்தான். அமெரிக்கர் பெரும்பாலும் 'இஸ்' மட்டுமே போடுவார்கள். கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த ஒரு நிமிசம் போதும், வர்ணனையில் 'ஸ்ரீலங்கா ஆர் 120 ஃபோர் 3' என்றுதானே சொல்கிறார்கள், நாடு ஒன்று, ஆட்கள் 11 பேர். ஒரு பாடசாலையில் என் மாணவி 'த டீம் ஆர் வெயாரிங் தெயர் நியூ ஜேர்சிஸ்' என்று எழுதினதுக்குப் பிழை போட்டு அனுப்பியிருந்தார்கள். ஆளுக்கொரு ஜேர்சி, அவள் எழுதினது முழுச் சரி. பிள்ளை அழாத குறையாகக் கொண்டுவந்து காட்டினாள், எனக்குத்தான் கோபம் தணிய இரண்டு நாள் எடுத்தது. ஒன்றைக் கவனிக்கவேண்டும்: 'இஸ்' என்று தொடங்கினால் பின்னால் 'இட்ஸ்', 'ஆர்' என்று தொடங்கினால் 'தெயர்'. தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கம் போகக்கூடாது.

பெரிய ஆட்கள் விழுகிற குழி 'ஸ்டாஃப்'. உப்புவெளியில் ஒரு ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பம் எழுதிய பழைய மாணவன் ஒருவன் 'ஐ வோஸ் எ ஸ்டாஃப்' என்று எழுதிக்கொண்டு வந்தான். 'ஸ்டாஃப்' என்பது வேலை செய்கிற அத்தனை பேரும் சேர்ந்த சொல், ஒரு தனி ஆள் அத்தனை பேராகவும் இருக்க முடியாது. 'எ மெம்பர் ஒஃப் த ஸ்டாஃப்' என்று மாற்றிக் கொடுத்தேன். ஓரிடத்து ஆட்களைச் சொல்ல 'ஸ்டாஃப்ஸ்' என்று எழுதுகிறதையும் விட்டுவிடுங்கள். 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'இன்ஃபர்மேஷன்' மூன்றையும் சிலர் இந்தப் பாடத்துக்குள் போட்டுக் குழப்புகிறார்கள், அவை எண்ண முடியாத பெயர்கள், அவற்றுக்கும் 'எஸ்' கிடையாது, அவ்வளவுதான். அப்புறம் 'எ நம்பர் ஒஃப் ஸ்டூடன்ஸ் ஆர்', 'த நம்பர் ஒஃப் ஸ்டூடன்ஸ் இஸ்'. முன்னதில் பேச்சு பிள்ளைகளைப் பற்றி, பின்னதில் எண்ணிக்கையைப் பற்றி.

பெற்றோரிடம் ஒரு விசயம் கேட்கிறேன். அட்டவணையைப் பாடமாக்க வைக்கிற நேரத்தில் பிள்ளையைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தொங்குகிறது குலை, வெட்டி வைத்தது சீப்பு என்று தமிழில் தெரியாத பிள்ளைகள் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள், எல்லாமே அவர்களுக்கு 'வாழைப்பழம்'. வாழைப்பழ வியாபாரத்தில் ஆங்கிலத்திலும் குலைக்கு 'பன்ச்', சீப்புக்கு 'ஹேண்ட்', ஒற்றைப் பழத்துக்கு 'ஃபிங்கர்'. சீப்பை உள்ளங்கை மாதிரி விரித்துக் காட்டினால் எந்தப் பிள்ளை மறக்கும்? கீரைக்குக் கட்டு, பூவுக்குச் சரம், வைக்கோலுக்குப் போர், மாட்டுக்குப் பட்டி, எறும்புக்குச் சாரை. தமிழில் இந்த வித்தியாசம் காதில் விழுந்த பிள்ளைக்கு ஃப்ளொக்கும் ஹேர்டும் ஏன் வேறு வேறு என்று நான் தொண்டை கிழியக் கத்தத் தேவையில்லை.

போன கிழமை திருத்தின கொப்பிகளில் 'த க்ரூ' என்று தொடங்கி ஒரு வசனம் எழுதச் சொல்லியிருந்தேன். நிலாவெளிப் பையன் எழுதாமல் என்னிடம் வந்தான்.

"டீச்சர், கரைவலை இழுக்கிற ஆக்களை க்ரூ எண்டு சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"அப்ப இஸ் போடுறதா, ஆர் போடுறதா?"

"நீதான் சொல்லவேணும். எல்லாரும் சேர்ந்து ஒரு வலையைத்தானே இழுக்கிறாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சொன்னான்: "மீன் பட்டா இஸ் டீச்சர். படாட்டி ஆர். அதுக்குப் பிறகு ஆளாளுக்கு மற்ற ஆளைக் குறை சொல்லுவாங்க."

முழுப் புள்ளி போட்டேன்.