பூட்டுத்திரை செத்தால் கணினி திறந்துகொள்ளுமா?

2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழுவுக்கு ஒரு வேடிக்கையான புகார் வந்தது. ஒருவருடைய பிள்ளைகள் அவர் கணினியை 'ஹேக்' செய்கிறோம் என்று, பூட்டிய திரையில் கீபோர்டையும் திரையில் தெரியும் கீபோர்டையும் சேர்த்துக் கண்டபடி தட்டியிருக்கிறார்கள். பூட்டு மறைந்து டெஸ்க்டாப் வந்துவிட்டது. தற்செயல் என்று விட்டிருப்பார். பிள்ளைகள் இரண்டாம் முறையும் திறந்து காட்டினார்கள்.

லினக்ஸில் நெடுங்காலமாக இருக்கும் எக்ஸ்11 திரை அமைப்பில் 'பூட்டு' என்று தனியாக எதுவும் கிடையாது. பிரவுசரைப் போல அதுவும் ஒரு சாதாரண நிரல்தான். திரை முழுவதையும் மறைத்து ஒரு ஜன்னலைப் போடும். கீபோர்டும் மவுஸும் தனக்கே வரவேண்டும் என்று எக்ஸ்11-ஐ நடத்தும் எக்ஸ் சர்வரிடம் கேட்டுப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். கதவுக்குப் பதில் திரைச்சீலை கட்டிய மாதிரி. அந்த நிரல் கிராஷ் ஆனால், சர்வர் தன் வழக்கப்படி அதன் ஜன்னலை எடுத்துவிட்டு, பிடியையும் விடுவித்துவிடும். பின்னால் எல்லாம் அப்படியே திறந்து கிடக்கும்.

மின்ட்டில் கிராஷ் ஆக்கியது ஒரே எழுத்து: திரைக் கீபோர்டில் இருந்த, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஈ' (ē). எக்ஸ் சர்வரில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த அப்டேட்டுக்குப் பிறகு, அந்த எழுத்தைத் தொட்டால் 'கரிபு' என்ற திரைக் கீபோர்டு விழுந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை! மின்ட்டின் டெஸ்க்டாப்பான சினமனின் 4.2 பதிப்பு முதல் அந்தக் கீபோர்டு பூட்டு நிரலுக்குள்ளேயே ஓடியதால், விழும்போது பூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. பூட்டு நிரல் சின்னதாக இருக்கட்டும், அலங்காரங்களை உள்ளே விடாதீர்கள் என்று எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற பூட்டு நிரலை எழுதிய ஜேமி ஸவின்ஸ்கி பல ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருந்தார். கேட்டிருக்கலாம்.

எக்ஸ் சர்வரில் 2012இல் வெளிப்பட்ட ஓட்டைக்குக் கிராஷ்கூடத் தேவைப்படவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எண்பலகையின் பெருக்கல் குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். பிழை தேடுபவர்களுக்காக வைத்த அந்தக் குறுக்குவழி, பிடியை வைத்திருக்கும் நிரலையே கொன்றுவிடும். பூட்டிய நேரத்தில் அது பூட்டு நிரல்தானே.

எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த திரை அமைப்பான வேலண்டில் இதற்கென்றே வந்த அமர்வுப் பூட்டு நெறிமுறையில் ஏற்பாடு தலைகீழ். 'பூட்டியிருக்கிறது' என்ற நிலையைத் திரையை ஆளும் கம்போசிட்டரே வைத்திருக்கும். ஸ்வேலாக் போன்ற பூட்டு நிரல் கடவுச்சொல்லைச் சரிபார்த்துத் 'திற' என்று சொன்னால்தான் திறக்கும். சொல்லாமல் செத்தால் திரை பூட்டியபடியே நிற்கும். அப்புறம் கன்சோல் என்ற வேறொரு எழுத்துத் திரையில் லாகின் செய்துதான் மீட்கவேண்டும்.